மக்கு வைத்த மேஜை

இஸ்திரி மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஆபீஸ் மீட்டிங்கில் கலந்துகொண்ட அனுபவம் உங்களுக்கு உண்டா? அடியேனுக்கு உண்டு. 2020-ல் ஊரடங்கு வந்தபோது தற்காலிக ஏற்பாடாக ஆரம்பித்த சமாசாரம் அது. ஊரடங்கு போய்விட்டது. 'வாரத்துக்கு ரெண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை' என்பது மட்டும் ஆபீசில் நிரந்தரமாகிவிட்டது. கூடவே இஸ்திரி மேஜையும்!

அந்த மேஜையிடம் ஒரே ஒரு கோளாறு. கால் மடங்கும். அதுவும் மேலதிகாரி "இந்த மாச டார்கெட் என்னாச்சுன்னா..." என்று ஆரம்பிக்கும் நேரம் பார்த்து மடங்கும். திரையில் நான் சரசரவென்று கீழே இறங்கி மறைவதை, சக ஊழியர்கள் 'பணிவு' என்று எடுத்துக்கொண்டார்கள்.

"ஏங்க, ஒரு நல்ல டேபிளா வாங்கிக்கங்களேன். நான் துணி தேய்ச்சு நாலு நாளாச்சு" என்றாள் சகதர்மிணி.

கடையில் விசாரித்தேன். சுமாரான புது மேஜை 9,500 ரூபாய். விரலால் தட்டிப் பார்த்தால் மரச் சத்தம் வரவில்லை; அப்பளச் சத்தம் வந்தது. மரத்தூளில் பசை கலந்து அழுத்திச் செய்த பலகை. மேலே மரம் மாதிரி அச்சடித்த தாள். "தண்ணி மட்டும் படாம பாத்துக்குங்க சார்" என்றார் விற்பனையாளர். சென்னை மழையில் மனுஷன் மேலேயே தண்ணி படாமல் பார்த்துக்கொள்ள முடிவதில்லை. மேஜையை எங்கே கொண்டுபோய் ஒளித்து வைப்பது?

அப்போதுதான் பக்கத்து சீட் நண்பர் காதில் ஓதினார். "பழசு வாங்குய்யா! பழைய தேக்கு! நாமே தேய்ச்சு பாலிஷ் போட்டா புதுசெல்லாம் கிட்ட நிக்க முடியாது. போன்ல வீடியோ இருக்கு, பாரு. பத்து நிமிஷ வேலை!"

பார்த்தேன். பத்து நிமிஷம்தான். வீடியோ!

மறுநாளே பெரம்பூர் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் ஆஜரானேன். கண்ணாடி இல்லாத டிரெஸ்ஸிங் டேபிள், மூணு காலில் நிற்கும் கட்டில், யார் வீட்டுத் தொட்டிலோ ஒன்று... எல்லாவற்றுக்கும் பின்னால், பச்சைப்பசேலென்று எனாமல் பெயிண்ட் அடித்த ஒரு பெரிய எழுது மேஜை. மூன்று இழுப்பறை.

"பர்மா தேக்கு சார்!" என்றார் கடைக்காரர்.

ஒரு காலத்தில் ரங்கூனிலிருந்து கப்பலில் தேக்கு வந்ததும், செட்டிநாட்டு வீடுகளில் தூணாக நின்றதும் உண்மைதான். ஆனால் சென்னையில் 'பர்மா தேக்கு' என்று விற்றதெல்லாம் நிஜமாகவே பர்மாவிலிருந்து வந்திருந்தால், அங்கே இப்போது நிழலுக்கு ஒதுங்கக்கூட ஒரு மரம் மிச்சம் இருக்காது!

குனிந்து அடிப்பக்கம் பார்த்தேன். (இது மட்டும் வீடியோவில் கற்ற உருப்படியான பாடம். மேலே எந்தப் பெயிண்ட் அடித்தாலும் அடியில் யாரும் அடிப்பதில்லை.) பொன் கலந்த பழுப்பில் கோடு கோடாக ரேகை ஓடியது. இழுப்பறையை உருவினேன். மூலையில் ஆணி இல்லை. இரண்டு கை விரல்களைக் கோத்த மாதிரி பலகையோடு பலகையைக் கோத்திருந்தார்கள். பர்மாவோ இல்லையோ, தேக்குதான். 2,500 சொன்னார். பேசிப் பேசி 1,800-க்கு முடித்தேன்.

குட்டி யானை வண்டியில் ஏற்றி வீடு வந்தது. இரண்டு பேர் மூச்சு வாங்கத் தூக்கினார்கள். நான் "பாத்து... பாத்து..." என்று சொல்லிக்கொண்டே பின்னால் போனேன். ஆபீஸ் ஆசாமிகளுக்கு நன்றாக வரும் ஒரே உடலுழைப்பு அதுதான்.

எங்கள் தெருமுனை டீக்கடையில் ஒரு பாலிஷ்கார பாய் இருப்பார். அறுபது தாண்டிய மனிதர். நாற்பது வருஷ அனுபவம். கூப்பிட்டுக் காட்டினேன். அடிப்பக்கத்தை விரலால் தடவினார். நகத்தால் லேசாகக் கீறினார்.

"நல்ல மரம் தம்பி. எந்தப் பாவியோ இதுமேல பச்சையை அடிச்சிருக்கான்."

"எவ்வளவு ஆகும் பாய்?"

"சாமான் நீங்க வாங்கிக் குடுத்துடுங்க. கூலி 4,000."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன பாய் இது? மேஜையே 1,800 தான்! அதுக்குப் பாலிஷ் 4,000-ஆ?"

"மேஜை விலை நீங்க கடைக்காரர்கிட்ட பேசினது தம்பி. நான் சொல்றது என் கைக்கு."

"ஒரு 1,500 தர்றேன்."

பாய் கோபப்படவில்லை. சகதர்மிணி கொடுத்த டீயை நிதானமாகக் குடித்து முடித்தார். டம்ளரை ஓரமாக வைத்தார். "வேணாம் தம்பி. நீங்களே செஞ்சு பாருங்க. நல்ல பழக்கம்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதில் கிண்டல் இருந்ததா என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. 4,000 ரூபாய் மிச்சம் பிடித்த சந்தோஷத்தில் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். "உப்புத்தாள் குடுங்க" என்றேன்.

"எந்த நம்பர்?"

உப்புத்தாளுக்கு நம்பர் உண்டு என்பதே அப்போதுதான் தெரியும். நம்பர் பெரிசாக இருந்தால் முரட்டுத்தாள் என்றுதானே நினைப்போம்? இல்லை. நேர் தலைகீழ். 80 என்றால் சொரசொர. 320 என்றால் பட்டு. ஆபீசிலும் அப்படித்தானே... கிரேடு ஏற ஏற தேய்மானம் தெரியாமல் தேய்ப்பார்கள்!

வராந்தாவில் மேஜையைப் போட்டு 80-ம் நம்பரால் தேய்க்க ஆரம்பித்தேன். அரை மணி நேரம். தோள்பட்டை கழன்றது. உள்ளங்கை அகலத்துக்குக்கூடப் பச்சை போகவில்லை. ஆனால் தூசி மட்டும் தாராளமாகப் பறந்தது. தரையெல்லாம் பச்சைப் பவுடர். என் நாலு வயசுப் பெண்ணுக்கு ஒரே குஷி. தூசியில் உட்கார்ந்து விரலால் 'அ' எழுதினாள். எழுதிவிட்டு விரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

"தம்பி! கொழந்தையைத் தூக்குங்க! மொதல்ல தூக்குங்க!"

வாசலில் பாய். மளிகைப் பையை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். நான் திகைத்து நிற்பதற்குள் அவரே பெண்ணைத் தூக்கி, "அம்மா, வாயைக் கொப்பளிக்க வைங்க, கையைக் கழுவி விடுங்க" என்று சகதர்மிணி கையில் கொடுத்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"பழைய எனாமல் தம்பி இது! அந்தக் காலத்துப் பச்சை, மஞ்சள்ல எல்லாம் ஈயம் இருக்கும். இதைப் போய் காய வெச்சுத் தேய்க்கிறீங்களே!"

அன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். பாய் சொன்னது அத்தனையும் சரி. நிறம் பளிச்சென்று நிற்கவும், சீக்கிரம் காயவும் பெயிண்டில் ஈயம் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற சட்டம் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்தது எப்படியும் இருக்கலாம். என் மேஜை எந்த வருஷத்துப் பச்சை? அதற்கென்ன, ஆதார் கார்டா இருக்கிறது? ஈயத்தூசி உள்ளே போனால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் முதலில் பிடிக்கும். 'இந்த அளவு வரை பரவாயில்லை' என்று எந்த அளவும் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அதைப் படித்த பிறகு தூக்கம் ஏது?

டாக்டர், "ஒரு நாள்தானே, அநேகமா ஒண்ணும் இருக்காது. இருந்தாலும் பிளட் டெஸ்ட் எடுத்துடுவோம்" என்றார். ரிசல்ட் வருகிற வரைக்கும் ராத்திரி எழுந்து எழுந்து உட்கார்ந்து, தூங்குகிற பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 2,500 மிச்சம் பிடிக்கத்தான் அவரோடு பேரம் பேசினேன் என்பது வேறு சுருக் சுருக்கென்று குத்தியது. சகதர்மிணி என்னைத் திட்டவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. துடைப்பத்தால் கூட்டினால் தூசி கிளம்பும் என்று, வீடு முழுக்க ஈரத்துணியால் மூன்று தடவை துடைத்தாள்.

ரிசல்ட் வந்தது. கவலைப்பட ஒன்றும் இல்லை.

"சனியன், அந்த மேஜையைக் கடையிலேயே தள்ளிட்டு வந்துடறேன்" என்றேன்.

"மேஜை என்ன பண்ணுச்சு? தப்பாத் தேய்ச்சது நீங்க" என்றாள். ஒரு வாரத்தில் அவள் பேசிய முதல் வாக்கியம்.

மேஜை மொட்டை மாடிக்குப் போனது. குழந்தை படியேறத் தடை. மூக்குக்கு நல்ல மாஸ்க், கைக்கு உறை. இந்தத் தடவை பாய் சொன்னபடி பெயிண்ட் ரிமூவர். களிம்பு மாதிரி இருக்கும். தடவிவிட்டு இருபது நிமிஷம் சும்மா இருக்க வேண்டும் (இந்தப் பகுதி எனக்குப் பிடித்திருந்தது). பெயிண்ட் பாலாடை மாதிரி சுருங்கி எழும்பும். பட்டித் தகட்டால் வழித்து எடுத்து, பழைய பேப்பரில் சுருட்டிக் கட்டிவிட வேண்டும். கண் எரியும். வாடையில் தலை சுற்றும். பச்சைக்குக் கீழே நீலம். நீலத்துக்குக் கீழே அரக்குச் சிவப்பு. எத்தனை வீடு மாறியதோ, எத்தனை பேரிடம் வேலை பார்த்ததோ!

மூன்று ஞாயிறு போனது. கடைசிப் பெயிண்டை எடுக்கும் உற்சாகத்தில் தகடு வழுக்கி, மேல்பலகையில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பள்ளம். ஹார்ட்வேர் கடைக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, "என்னங்க பண்றது?" என்று கேட்டேன்.

"மக்கு வைங்க சார்" என்றார்.

சகதர்மிணி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "அதான் ஏற்கெனவே பக்கத்துல நிக்குதேன்னு சொல்லுங்க!"

விஷயம் தெரியாதவர்களுக்கு: மரத்தில் ஓட்டை, பள்ளம் அடைக்கிற கலவைக்குத் தச்சர்கள், பாலிஷ்காரர்கள் பாஷையில் 'மக்கு' என்று பெயர். நல்ல மக்கு மரத்தின் நிறத்துக்கு ஒத்துப் போகும்; காய்ந்தபின் இருக்கும் இடம் தெரியாது. என்னைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

அடுத்து வார்னிஷ். பொறுமை இல்லை. நவம்பர் மாதம், மேகம் மூட்டம் போட்டிருந்த ஒரு ஞாயிறன்று, சாமானைக் கீழே வராந்தாவுக்கு இறக்கி, தாராள மனசோடு கெட்டியாக ஒரே பூச்சு பூசினேன். நாலு நாளாகியும் காயவில்லை. அங்கங்கே கொப்புளம். பிரஷ்ஷின் முடிகள் எட்டு. நட்ட நடுவில் ஒரு கொசு, காலை விரித்தபடி, காலத்தால் அழியாமல்! மேலே வைத்த பேப்பரை எடுத்தால் பாதி தலைப்புச் செய்தி மேஜையிலேயே தங்கிவிட்டது.

அன்றைக்கு ராத்திரி தோளுக்குத் தைலம் தடவிக்கொண்டே ஒரு கணக்குப் போட்டேன். நாலு ஞாயிறு, நாளைக்கு ஆறு மணி நேரம். ஆக 24 மணி நேரம். விளைவு, ஒரு கொசுவின் சமாதி. பாய் கேட்டது ஐந்து நாள் வேலைக்கு 4,000. நாளைக்கு 800. நான் கூப்பிட்டுச் சொன்னதோ நாளைக்கு 300. அன்றைக்கு மேஜையை வண்டியிலிருந்து ஏற்றி இறக்கியதற்கே 300 கொடுத்திருந்தேன். நாற்பது வருஷம் கற்ற கைக்கும் அதே 300!

டீக்கடைக்குப் போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இரண்டு டீ குடித்தேன். மூன்றாவது டீயில் தைரியம் வந்தது.

"பாய், நீங்க கேட்ட 4,000 குடுத்துடறேன். வந்து பாருங்க."

வந்து பார்த்தார். கொசுவைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"இப்ப 4,500 தம்பி."

"ஏன் பாய்?"

"நீங்க போட்டதை எடுக்கணும்ல?"

மறுபேச்சுப் பேசவில்லை. ஆனால் அவர் உடனே ஆரம்பிக்கவும் இல்லை. "மழை நிக்கட்டும். ஈரக் காத்துல பாலிஷ் போட்டா வெள்ளை பூத்துடும்" என்றார். மார்கழி பாதியில்தான் வந்தார்.

ஐந்து நாள். 120, 180, 220, 320 என்று வரிசையாக உப்புத்தாள். ரேகை ஓடுகிற திசையில் மட்டும்தான் கை போகிறது; குறுக்கே ஒரு தேய்ப்பு கிடையாது. நடுநடுவே கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்க்கிறார். "கண்ணு ஏமாத்தும் தம்பி. கை சொல்லும்." சிக்கிக்கொண்டிருந்த இழுப்பறைகளின் அடியில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தார். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போயின. (இதற்கு நான் சுத்தியல் வாங்கி வைத்திருந்தேன்.)

முந்தின ராத்திரியே அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் ஊறப் போட்டிருந்தார். துரியோதனன் மாளிகை கட்டினானே, அதே அரக்கு! ஜார்க்கண்ட் பக்கத்துக் காடுகளில் மரக்கிளையில் ஒட்டிக்கொண்டு ஒரு சின்னஞ்சிறு பூச்சி உண்டாக்கும் பிசின் அது. அங்கே பூச்சி பாலிஷ் தருகிறது. நம் வீட்டுப் பூச்சி பாலிஷில் விழுந்து உயிரைத்தான் தருகிறது.

பஞ்சைத் துணியில் சுருட்டி, அரக்கில் தொட்டு, எட்டுப் போடுகிற மாதிரி சுழற்றிச் சுழற்றிப் பூசினார். கை ஓரிடத்திலும் நிற்கவில்லை. "நின்னா துணி ஒட்டிக்கும்." ஒரு பூச்சு தாளைவிட மெல்லிசு. காய்ந்ததும் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. எண்ணிக்கொண்டே வந்தவன் பன்னிரண்டாவது பூச்சில் விட்டுவிட்டேன். சாயங்காலம் லின்சீட் எண்ணெய் தொட்ட துணியைக் கசக்கிப் போடாமல் கொடியில் விரித்துக் காயப்போட்டார். குவித்துப் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்குமாம். இதையெல்லாம் என் பத்து நிமிஷ வீடியோ சொல்லவில்லை.

நாலாம் நாள் கேட்டேன். "அன்னிக்கு எப்படி பாய், பார்த்த உடனே ஈயம்னு பதறி ஓடி வந்தீங்க?"

அவர் கை நிற்கவில்லை.

"என் பையன் சின்னதுல வேலை எடத்துக்குக் கூடவே வருவான் தம்பி. தூசியிலதான் விளையாடுவான். அப்ப எங்களுக்கு யாரும் சொல்லல."

மேற்கொண்டு அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பஞ்சுருண்டை எட்டுப் போட்டுக்கொண்டே இருந்தது.

முடிந்தபோது மேஜையைப் பார்த்து எனக்குப் பேச்சு வரவில்லை. தேன் நிறம். உள்ளே ரேகை நெளிந்து ஓடுவது தண்ணீருக்கு அடியில் பார்ப்பது போல இருந்தது. நான் போட்ட பள்ளம் எங்கே என்று தேடினேன், கிடைக்கவில்லை. அவர் வைத்த மக்கு அப்படி.

"சூடா காபி டம்ளரை மேல வைக்காதீங்க. வெள்ளை வளையம் விழும். விழுந்தாலும் பயப்படாதீங்க, சொல்லி அனுப்புங்க. இது வைத்தியம் பண்ணக்கூடிய பாலிஷ்" என்று சொல்லிவிட்டு, 4,500-ஐ எண்ணாமல் பையில் வைத்துக்கொண்டு போனார்.

மொத்தக் கணக்கு: மேஜை, வண்டி, கூலி சேர்த்து 3,000. என் உப்புத்தாள், ரிமூவர், மக்கு வகையறா 1,650. கொசு சமாதி வார்னிஷ் 750. டாக்டர், ரத்தப் பரிசோதனை 1,700. பாய்க்கு 4,500. அரக்கு, ஸ்பிரிட், பஞ்சு 900. ஆக 12,500 ரூபாய். 9,500 ரூபாய்ப் புது மேஜையில் மிச்சம் பிடிக்கக் கிளம்பிய கதை இது. பாய் முதலில் கேட்டபோதே "சரி" என்றிருந்தால் பாதி செலவு இல்லை. ராத்திரித் தூக்கமும் போயிருக்காது.

பொங்கலுக்கு மாமனார் வந்தார். மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"பிரமாதம் மாப்ளே! கூலி எவ்ளோ ஆச்சு?"

"4,500 மாமா."

"4,500-ஆ? மேஜையே 1,800-ன்னீங்க! ஏமாத்திட்டான் மாப்ளே. நம்ம ஊரா இருந்தா 1,500-க்கு முடிச்சிருப்பேன்."

சமையலறையில் கரண்டிச் சத்தம் சட்டென்று நின்றது. எனக்கும் அந்த வாக்கியத்தை எங்கோ கேட்ட மாதிரி இருந்தது.

நான் ஒன்றும் பதில் பேசவில்லை. பரணிலிருந்து பெயிண்ட் படாத ஒரு பழைய முக்காலியை எடுத்தேன். மிச்சமிருந்த 80-ம் நம்பர் உப்புத்தாளையும் எடுத்தேன். இரண்டையும் அவர் முன்னால் பவ்வியமாக வைத்தேன்.

"மாமா, இதுல ஒரே ஒரு காலை மட்டும் தேய்ச்சுக் குடுங்க. மிச்சத்தை அப்புறம் பேசலாம்."

"இது என்ன பெரிய விஷயம்?" என்று சட்டைக் கையை மடித்தார்.

பத்து நிமிஷம் ஆகியிருக்கும். வராந்தாவிலிருந்து குரல் வந்தது.

"மாப்ளே... அந்த பாய் வீடு எங்கேன்னு சொன்னீங்க?"